சாதன டிரைவரில் நினைவகச் சிக்கனம்: லிஸ்டா, மரமா, வெறும் அரேயா?

அலைவரிசை32

வணக்கம். பிசிஐ எக்ஸ்பிரஸில் செருகும் தரவுச் சேகரிப்பு அட்டை ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். அட்டையில் 32 சேனல்கள். ஒவ்வொரு சேனலிலும் ஒரே நேரத்தில் 256 கோரிக்கைகள் வரை நிலுவையில் இருக்கலாம். கோரிக்கையை அனுப்பும்போது அதோடு 16 பிட் டேக் (அடையாள எண்) ஒன்றை டிரைவர் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அட்டை அதே டேக்கை முடிவு வரிசையில் எழுதிவிட்டு இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சைகை) எழுப்பும். அனுப்பிய வரிசையில்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பலகை 64 பிட் ஆர்ம். மொத்த நினைவகம் 128 எம்பி. கர்னல் 6.1. இப்போதைக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் கேமலாக்கில் (கர்னலின் நினைவக ஒதுக்கி) ஒரு ஸ்ட்ரக்ட் எடுத்து, சேனலுக்கு ஒரு லிங்க்டு லிஸ்டில் கோத்து வைக்கிறேன். இன்டரப்ட் வந்தால் லிஸ்டில் டேக்கைத் தேடுகிறேன். ஸ்ட்ரக்ட்டின் அளவு 264 பைட். கூடவே கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் 4 கேபி டிஎம்ஏ பஃபர் (சிபியு தலையிடாமல் அட்டை நேரடியாக எழுதும் இடம்).

தேடலும் வேகமாக வேண்டும், நினைவகமும் குறைய வேண்டும். ஹேஷ் டேபிளுக்கு மாறலாமா, சிவப்பு-கருப்பு மரமா? எது குறைவாகத் தின்னும்?

மரக்கிளை

எக்ஸ்அரேயைப் பாருங்கள். 4.20 கர்னலில் வந்தது, பழைய ரேடிக்ஸ் ட்ரீயின் இடத்தைப் பிடித்துவிட்டது. எண்ணைக் கொடுத்தால் பாயின்டரைத் தரும், லாக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கணு 64 இடங்கள் கொண்டது. 64 பிட் கணினியில் 576 பைட். எண்கள் நெருக்கமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். உங்கள் டேக்குகள் 0 முதல் 255 வரை என்றால் நெருக்கம்தான்.

சிவப்பு-கருப்பு மரம் இதற்கு வேண்டாம். கணுவுக்கு 24 பைட், ஒவ்வொரு தேடலும் சில கேச் மிஸ் (தரவு கேச்சில் இல்லாமல் முதன்மை நினைவகம் வரை போவது). வரிசைப்படுத்திய நடை உங்களுக்குத் தேவையே இல்லை.

வரிசைவாசி

எக்ஸ்அரேயும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. கேள்வியிலேயே விடை இருக்கிறது: டேக்கைத் தேர்ந்தெடுப்பது டிரைவர். வெளியிலிருந்து வரும் எண்ணாக இருந்தால் அதைத் தேடிப் பிடிக்க ஒரு அமைப்பு தேவைப்படும். இங்கே எண்ணைக் கொடுப்பவரே நீங்கள். அப்படியானால் அரேயின் இன்டெக்ஸையே டேக்காகக் கொடுத்துவிடலாமே? பதில் வந்ததும் அரேயில் அந்த இடத்துக்கு நேரே போகலாம். தேடல் என்ற வேலையே கிடையாது.

சேனலுக்கு 256 கோரிக்கை ஸ்ட்ரக்ட்கள் கொண்ட ஒரே அரே. எது காலி என்று சொல்ல 256 பிட் பிட்மேப், அதாவது 32 பைட். காலி பிட்டைக் கண்டுபிடித்து அணு முறையில் (இடையில் வேறெதுவும் புகாதபடி) சோதித்து 1 ஆக்கும் சார்புகள் கர்னலிலேயே உள்ளன. போட்டி வந்தால் அடுத்த பிட்டுக்குப் போக வேண்டியதுதான். லிஸ்டுக்கான 16 பைட் போகிறது, ஹேஷ் கணுவும் தேவையில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: எக்ஸ்அரேயில் 256 டேக்குகளுக்கு இலைக்கணு நான்கு, வேர்க்கணு ஒன்று, ஆக 2880 பைட். அதற்கு மேல் கோரிக்கை ஸ்ட்ரக்ட்டைத் தனியாக வேறு எடுக்க வேண்டும்.

கர்னலின் பிளாக் அடுக்கு (வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி) டேக்குகளைக் கொடுப்பதும் பிட்மேப் வழியில்தான். அங்கே எஸ்பிட்மேப் என்ற வகை இருக்கிறது. பல சிபியுக்கள் ஒரே கேச் லைனுக்குச் (கேச் மொத்தமாக எடுக்கும் சிறு துண்டு) சண்டை போடாமலிருக்க அது பிட்டுகளை வேண்டுமென்றே பல லைன்களில் பரப்பி வைக்கிறது. நினைவகத்தைக் கொஞ்சம் செலவழித்து வேகத்தை வாங்கும் வடிவமைப்பு. சேனலுக்கு 256 டேக் உள்ள உங்களுக்குச் சாதாரண பிட்மேப் போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் 264 என்ற எண். கேமலாக் கேட்ட அளவையே தராது, அடுத்த அளவு வகுப்புக்கு உயர்த்தித்தான் தரும். 256-க்கு அடுத்தது 512. ஆக நீங்கள் கேட்பது 264, செலவாவது 512. 8192 கோரிக்கைகளும் நிலுவையில் இருந்தால் 4 எம்பி. அதில் கிட்டத்தட்ட பாதி வெறும் காலியிடம்.

6.1 கர்னலில், 64 பிட் ஆர்மில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கேமலாக்கின் மிகச் சிறிய துண்டே 128 பைட். டிஎம்ஏவுக்குக் கொடுக்கும் துண்டு வேறொருவரின் தரவோடு கேச் லைனைப் பகிரக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள், 6.5-இல் தளர்த்திவிட்டார்கள். 24 பைட் ஸ்ட்ரக்ட் கேட்டாலும் 128 போகும். 192 வகுப்பும் அங்கே கிடையாது, 130 கேட்டால் 256. அதனால் சின்னச் சின்னப் பொருட்களைத் தனித்தனியாக எடுத்துக் கோக்கும் எந்த அமைப்பும் உங்கள் பலகையில் காகிதக் கணக்கைவிடப் பல மடங்கு தின்னும். ஒவ்வொரு அளவு வகுப்பிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் ஸ்லாப்இன்ஃபோ கோப்பைத் திறந்து, டிரைவரை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். சைஸ்ஆஃப் சொல்வதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வலையட்டை

எல்லோரும் ஸ்ட்ரக்டையே பார்க்கிறீர்கள். 8192 பஃபர் × 4 கேபி = 32 எம்பி. மொத்தம் 128 எம்பி உள்ள பலகையில் கால் பங்கு! ஸ்ட்ரக்டில் 4 எம்பியை 1 எம்பி ஆக்கினாலும் அந்த 32-இன் பக்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

நெட்வொர்க் டிரைவர்களில் இதை எப்போதும் பார்க்கிறோம். இன்டெல் இ1000 நெட்வொர்க் அட்டையின் ஒரு டிஸ்கிரிப்டர் (பஃபர் எங்கே என்று சொல்லும் பதிவு) 16 பைட், அவற்றின் வட்ட வரிசையான ரிங் இயல்பாக 256 இடங்கள். ஆக ரிங் முழுதும் ஒரே பக்கம் (கர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு), 4 கேபி. அந்த ரிங் சுட்டிக்காட்டும் பெறு பஃபர்கள் ஒவ்வொன்றும் 2 கேபி என்றால் 512 கேபி. ரிங்கைப் போல 128 மடங்கு. ரிங்கின் அளவைக் கூட்டும்போது உண்மையில் கூட்டுவது பஃபர்களைத்தான்.

வரிசைகளின் எண்ணிக்கையும் இதே மாதிரி ஏமாற்றும். என்விஎம்இ வட்டுகளில் அனுப்பு வரிசையின் ஒரு பதிவு 64 பைட், முடிவு வரிசையின் பதிவு 16 பைட். லினக்ஸ் டிரைவரின் இயல்பான ஆழம் 1024. ஒரு ஜோடிக்கு 80 கேபி, சரி, பெரிதில்லை. சிபியுவுக்கு ஒரு ஜோடி என்று 64 சிபியுவில் போட்டால் 5 எம்பி. அதுவும் ஒரே ஒரு வட்டுக்கு. அதனால் முதலில் கேட்க வேண்டியது, “ஒன்று எவ்வளவு” என்பதைவிட “மொத்தம் எத்தனை” என்பது.

அலைவரிசை32, உங்கள் கோரிக்கைகள் எல்லாமே 4 கேபி பதிலைக் கொண்டுவருமா?

அலைவரிசை32

இல்லை. பெரும்பாலானவை நிலை கேட்கும் சிறு கோரிக்கைகள், பதில் 64 பைட்டுக்குள் அடங்கும். மொத்தத் தரவை இழுக்கும் பெரிய வாசிப்புகள்தான் 4 கேபி. அவை ஒரு சேனலில் 16-க்கு மேல் நிலுவையில் இருந்தால் பயன் இல்லை, அட்டையின் உள் தாங்கியே அவ்வளவுதான் கொள்ளும்.

வலையட்டை

அப்படியானால் பிரித்துவிடுங்கள். சேனலுக்கு 4 கேபி பஃபர் 16 மட்டும்: 64 கேபி. அவற்றுக்கும் 16 பிட் பிட்மேப் ஒன்று. காலியில்லை என்றால் பெரிய வாசிப்பு காத்திருக்கட்டும், அட்டையும் காத்திருக்கத்தான் வைக்கும்.

சிறு பதில்களுக்கு 256 × 64 = 16 கேபி கோஹெரன்ட் நினைவகம் (சிபியுவும் அட்டையும் எப்போதும் ஒரே தரவைப் பார்க்கும் இடம்). டேக்கை 64-ஆல் பெருக்கினால் அந்தக் கோரிக்கையின் பதில் இடம் கிடைத்துவிடும்; பாயின்டரைக்கூடச் சேமிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோஹெரன்ட் நினைவகம் கேட்காதீர்கள், அது குறைந்தது ஒரு பக்கமாவது எடுத்துக்கொள்ளும். 64 பைட் வேண்டி 4096 பைட் போகும். இன்டெக்ஸால் கணக்கிட முடியாத இடங்களில் டிஎம்ஏ பூல் இருக்கிறது, பக்கங்களை எடுத்துத் துண்டாக்கித் தருவது அதன் வேலை.

ஒரு எச்சரிக்கை. கோரிக்கை ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே 64 பைட் பதில் இடத்தை வைத்து ஸ்ட்ரீமிங் மேப் (சாதாரண நினைவகத்தை அந்தந்த நேரத்துக்கு மட்டும் அட்டைக்குக் கொடுப்பது) செய்தால் இன்னும் மிச்சமாகும் என்று தோன்றும். செய்யாதீர்கள். கேச் ஒத்திசைவு இல்லாத அட்டை-பலகை இணையில், பக்கத்துப் புலத்தில் சிபியு எழுதியது கேச் செல்லாததாக்கலில் காணாமல் போகும், இல்லாவிட்டால் அட்டை எழுதியதன் மேல் பழைய கேச் லைன் வந்து படியும். எப்போதாவது ஒருமுறை மட்டும் தரவு கெடும்; கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான பிழை அது. டிஎம்ஏ தொடும் இடமும் சிபியு தொடும் இடமும் கேச் லைன் பகிரவே கூடாது.

குறுஞ்சில்லு

நான் கர்னல் பக்கம் அதிகம் வருவதில்லை, மைக்ரோகன்ட்ரோலர்களில் டிரைவர் எழுதுகிறேன். 20 கேபி எஸ்ரேம் உள்ள எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சில்லுகளில் மலாக்கையே தொடுவதில்லை. எல்லாம் கம்பைல் நேரத்திலேயே அளவு தெரிந்த அரே. பாயின்டருக்குப் பதில் 8 பிட் இன்டெக்ஸ். மாறாத அட்டவணைகள் எல்லாம் கான்ஸ்ட் போட்டு ஃபிளாஷில். 2 கேபி எஸ்ரேம் மட்டும் உள்ள ஏடிமெகா328பியில் அதற்குத் தனிக் குறியீடே போட வேண்டும், இல்லாவிட்டால் கான்ஸ்ட் என்றாலும் துவக்கத்தில் எஸ்ரேமுக்கு நகலாகிவிடும்.

அலைவரிசை32-க்கு என் பங்குக்கு ஒரு கேள்வி: ஸ்ட்ரக்ட்டைப் பேக்ட் செய்தால் 264 குறையாதா? இடைவெளி பைட்டுகள் போய்விடுமே.

வரிசைவாசி

குறையும், ஆனால் பேக்ட் செய்ய வேண்டிய இடம் அதுவல்ல. வன்பொருள் வரையறுத்த வடிவத்தை அப்படியே பிரதிபலிக்கும் ஸ்ட்ரக்டுக்குத்தான் பேக்ட். டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்டில் போட்டால், புலங்கள் ஒழுங்கமைவு இல்லாத முகவரிகளில் விழும். கார்டெக்ஸ்-எம்0 போன்றவற்றில் அப்படிப்பட்ட அணுகல் நேரடியாகப் ஃபால்ட். அதைத் தவிர்க்கக் கம்பைலர் பைட் பைட்டாகப் படிக்கும் குறிமுறையை உருவாக்கும், அப்போது ரேமில் மிச்சம் பிடித்ததை ஃபிளாஷில் கொடுக்கிறீர்கள். அணு மாறியும் லாக்கும் உள்ள ஸ்ட்ரக்டில் நிலைமை இன்னும் மோசம்.

அதே பலனை ஆபத்தில்லாமல் எடுக்க வழி, புலங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றி அடுக்குவது. பாஹோல் கருவியை மாட்யூல் கோப்பின் மேல் ஓட்டினால் எந்தப் புலத்துக்குப் பின் எத்தனை பைட் ஓட்டை, ஸ்ட்ரக்ட் எந்த கேச் லைனில் உடைகிறது என்று எல்லாம் காட்டிவிடும். டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால் போதும்.

பிட்ஃபீல்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கனம் என்றவுடன் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அடுத்தடுத்த பிட்ஃபீல்டுகள் சி11 தரத்தின்படி ஒரே நினைவக இடம். ஒரு பிட்டை இன்டரப்டும் பக்கத்துப் பிட்டை வேறொரு த்ரெட்டும் எழுதினால், இரண்டும் மொத்தச் சொல்லையும் படித்து, மாற்றி, எழுதுகின்றன. ஒன்றின் மாற்றம் தொலைந்துபோகும். ஒரே லாக்கின் கீழ் மாறும் கொடிகளை மட்டும் பிட்ஃபீல்டில் வையுங்கள். லாக் இல்லாமல் மாறுபவை அன்சைன்டு லாங்கில், அணு பிட் சார்புகளோடு.

அலைவரிசை32, ஸ்ட்ரக்ட்டுக்குள் என்னென்ன இருக்கிறது?

அலைவரிசை32

பாஹோல் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டைகள் மொத்தம் 12 பைட்தான், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பெரியவை: காலாவதிக்கு டைமர் லிஸ்ட், 40 பைட். முடிவு வேலைக்கு ஒர்க் ஸ்ட்ரக்ட், 32. டீபக்குக்கு 32 பைட் பெயர். லிஸ்ட் ஹெட் 16. சேனலுக்குத் திரும்பும் பாயின்டர் 8. மற்றவை கட்டளையின் சொந்தப் புலங்கள்.

வரிசைவாசி

உங்கள் சேமிப்பு அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

கோரிக்கைக்கு ஒரு டைமர் வேண்டாம். சேனலுக்கு ஒரே டைமர், கோரிக்கைக்குள் காலாவதி நேரம் மட்டும் 4 பைட்டில். டைமர் எழும்போது பிட்மேப்பில் நிலுவையில் உள்ளவற்றை நடந்து பார்த்தால் போதும்; 256-ஐப் பார்ப்பது ஒரு பொருட்டே இல்லை. பிளாக் அடுக்கும் வரிசைக்கு ஒரு டைமர் வைத்துத்தான் எல்லாக் கோரிக்கைகளின் காலாவதியையும் கவனிக்கிறது.

ஒர்க் ஸ்ட்ரக்டும் சேனலுக்கு ஒன்று. முடிந்த டேக்குகளை இன்னொரு 256 பிட் பிட்மேப்பில் குறித்துவிட்டு அந்த ஒரே வேலையை எழுப்புங்கள். பெயர் தேவையே இல்லை, சேனல் எண்ணும் டேக்கும் அச்சிட்டால் அதுதான் பெயர். சேனல் பாயின்டரும் வேண்டாம்: முடிவு வரிசை எந்தச் சேனலுடையது என்று இன்டரப்ட் கையாளும்போதே தெரியும். லிஸ்ட் ஹெட் ஏற்கெனவே போய்விட்டது.

கணக்கு: 264-இலிருந்து 40, 32, 32, 16, 8 கழித்தால் 136. காலாவதி நேரத்துக்கு 4 கூட்டி, 12 ஓட்டைகளை அடுக்கி மூடினால் 128. இரண்டு கேச் லைன்கள், ஒரு பைட்டும் வீணில்லை. இன்டரப்ட் தொடும் புலங்கள் எல்லாவற்றையும் முதல் 64 பைட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

மரக்கிளை

டேக் விஷயத்தில் அரேதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் “டிரைவரில் மரமே கூடாது” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் பரந்து, நிறைவு குறைவாக இருந்தால் அரே கையைக் கடிக்கும். ரெஜிஸ்டர் கேச், அதாவது சாதன ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகல், நல்ல உதாரணம். ரெக்மேப்பில் (ரெஜிஸ்டர் அணுகலுக்கான கர்னல் நூலகம்) ஃபிளாட் வகையைத் தேர்ந்தெடுத்தால், மிகப் பெரிய ரெஜிஸ்டர் முகவரி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் 4 பைட் கொண்ட அரேயை எடுக்கும். முகவரி 65535 வரை, படி 1 என்றால் 256 கேபி. ரெஜிஸ்டர்கள் உண்மையில் சில நூறுதான் என்றால் அத்தனையும் வீண். அங்கே ஆர்பி ட்ரீ (சிவப்பு-கருப்பு மரம்) வகை பொருந்தும், 6.4 முதல் மேப்பிள் ட்ரீ வகையும் உண்டு.

முகவரி வரம்புகளைத் தேட வேண்டியிருந்தாலும், “இந்த முகவரி எந்த மேப்பிங்குக்குள் விழுகிறது” என்பது மாதிரி, மரம்தான் வழி.

வரிசைவாசி

முழுக்கச் சரி. இன்னொரு அளவுகோலையும் இதோடு சேர்க்கிறேன்: செருகும்போது நினைவகம் கேட்குமா? லிஸ்டும் சிவப்பு-கருப்பு மரமும் கணுவை உங்கள் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. செருகல் தோற்க வழியே இல்லை. எக்ஸ்அரேயும் மேப்பிள் ட்ரீயும் உள்ளே கணு எடுக்கின்றன. இன்டரப்டில் தூங்க முடியாது, அணு ஒதுக்கீடு தோற்கக்கூடும், தோற்றால் என்ன செய்வது என்று நீங்கள் எழுத வேண்டும். முன்பே இடம் பிடித்து வைக்கும் சார்பு எக்ஸ்அரேயில் உண்டு. ஃபிளாட் ரெஜிஸ்டர் கேச்சுக்கும் இதுதான் நியாயம்: ஓடும்போது ஒதுக்கீடே செய்யாது, அதனால் ஸ்பின்லாக்குக்குள் தொடும் மெமரி-மேப்டு ரெஜிஸ்டர்களுக்கு, அடர்த்தியாக இருந்தால், அதுவே நல்லது.

அப்புறம், டேக் மறுபயன்பாடு. காலாவதியான கோரிக்கையின் டேக்கை விடுவித்து உடனே புதிய கோரிக்கைக்குக் கொடுத்தால், பழையதற்கான தாமதப் பதில் வந்து புதியதை முடித்துவிடும். உங்கள் டேக் 16 பிட், இன்டெக்ஸுக்கு 8 போதும். மிச்சம் 8 பிட்டில் தலைமுறை எண் வையுங்கள், ஒவ்வொரு ஒதுக்கலிலும் ஒன்று கூடட்டும். பதிலின் தலைமுறை பொருந்தாவிட்டால் தூக்கி எறியுங்கள். கோரிக்கைக்கு ஒரே பைட் செலவு. என்விஎம்இ டிரைவரும் தன் 16 பிட் கட்டளை எண்ணில் 12 பிட்டை டேக்குக்கும் 4 பிட்டைத் தலைமுறைக்கும் பிரித்துக்கொள்கிறது. ஆனால் இது பதிலின் அடையாளத்தை மட்டுமே காக்கும். பஃபரில் தாமதமாக வந்து எழுதும் டிஎம்ஏவைத் தடுக்காது. அதற்கு அட்டையிடம் ரத்துக் கட்டளை கொடுத்து, உறுதி கிடைத்த பிறகே டேக்கை விடுவிக்க வேண்டும்.

அலைவரிசை32

மிக உதவியாக இருக்கிறது. அட்டையில் ரத்துக் கட்டளை உண்டு, அதையும் சேர்க்கிறேன். நிகழ்வுப் பதிவுகளுக்கு கேஃபிஃபோ (கர்னலின் வரிசை அமைப்பு) சரிவருமா? இன்டரப்ட் ஒன்று எழுதும், வாசிக்கும் த்ரெட் ஒன்று. பதிவு 16 பைட், 1100 வேண்டியிருக்கும்.

குறுஞ்சில்லு

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் கேஃபிஃபோவுக்கு லாக் வேண்டாம். உள்ளே இரண்டு எண்ணிகள் மடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், இடத்தைக் கணக்கிட பிட் முகமூடி (மாஸ்க்) போடும். அதனால் நிறைந்ததையும் காலியையும் பிரித்தறிய ஒரு இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு இரண்டின் அடுக்காக உயரும். 1100 கேட்டால் 2048, அதாவது 32 கேபி. 1024-இல் ஒப்பேற்ற முடிந்தால் 16 கேபியோடு போகும். நானாக இருந்தால் 1024 வைத்து, தவறிய நிகழ்வுகளை எண்ண ஒரு எண்ணியும் வைப்பேன்.

அலைவரிசை32

1024 போதும், வாசிக்கும் த்ரெட்டை அடிக்கடி எழுப்பினால் சமாளிக்கலாம்.

இப்போது சேனலுக்கு: கோரிக்கை அரே 32 கேபி, சிறு பதில்கள் 16 கேபி, பெரிய பஃபர்கள் 64 கேபி. மொத்தம் 112 கேபி. 32 சேனலும் திறந்திருந்தால் 3.5 எம்பி. முன்பு 36 எம்பி. சேனலைத் திறக்கும்போது மட்டும் ஒதுக்கினால் இன்னும் குறையும். ஒரே தயக்கம்: பலகை நீண்ட நாள் ஓடிய பிறகு, 16 கேபி தொடர்ச்சியான கோஹெரன்ட் நினைவகம் கிடைக்காமல் சேனல் திறப்பு தோற்குமோ?

வலையட்டை

தோற்கலாம். நினைவகம் துண்டு துண்டான பிறகு தொடர்ச்சியான நான்கு பக்கங்கள் கிடைப்பது உறுதியில்லை. கோரிக்கை அரேக்கு அந்தக் கவலை இல்லை, அட்டை அதைத் தொடாது. கேவிகேலாக் போட்டால் தொடர்ச்சியாகக் கிடைக்காதபோது விமலாக்குக்கு, அதாவது சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் ஒதுக்கிக்கு, போய்விடும். பெரிய பஃபர்கள் ஏற்கெனவே ஒவ்வொன்றும் ஒரே பக்கம்.

பதில் இடத்தையும் அப்படியே உடைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் 64 பைட் இடங்கள் 64 அடங்கும். சேனலுக்கு நான்கு தனிப் பக்கங்கள் எடுத்து, நான்கு பாயின்டரையும் நான்கு டிஎம்ஏ முகவரியையும் சேனல் ஸ்ட்ரக்டில் வையுங்கள். இன்டெக்ஸின் மேல் இரண்டு பிட் எந்தப் பக்கம் என்று சொல்லும், கீழ் ஆறு பிட் அதில் எந்த இடம் என்று சொல்லும். கூடுதல் செலவு சேனலுக்கு 64 பைட்டுக்குள். ஒற்றைப் பக்கம்கூடக் கிடைக்காத நிலையில் பலகை இருந்தால், திறப்புக்கு நினைவகமில்லை என்ற பிழையைத் திருப்பிவிடுங்கள்.